ஏழாம் நம்பர் பாட்டில்

பிரிசில்லா: ...அதான் சொல்றேனே மேடம், நான் கருவாடெல்லாம் தொடல. எங்க வூட்ல ரெண்டு நாளா வெறும் ரசம்தான்.

வசுமதி: கருவாட்டப் பத்தி நான் கேக்கவே இல்லையே பிரிசில்லா.

பிரிசில்லா: கேப்பீங்க. பாட்டில்ல பூஞ்ச வந்தா மொதல்ல கருவாடு, அப்பால தலையில வச்ச பூவு, அப்பால கையில வளையலு... வரிசையா வருவீங்க. எட்டு வருசமா பாத்துகினு கீறேன்.

வசுமதி: இன்னைக்கு வரிசை கெடையாது. மாஸ்க்க ஏத்தி விட்டுட்டு இந்த பாட்டில வாங்கு.

பிரிசில்லா: குடுங்க... ஐயே. பஞ்சு மிட்டாய் கணக்கா பூத்துகினு கீது.

வசுமதி: சிரிக்காத. உள்ள இருக்கது என்ன செடி?

பிரிசில்லா: இன்னா மேடம், எனக்கே பரிட்சையா? ஏலக்காய்தான். போடி எஸ்டேட் ஆர்டரு.

வசுமதி: மேல என்ன நம்பர் போட்ருக்கு?

பிரிசில்லா: ஏழு.

வசுமதி: ஏழு யாரு?

பிரிசில்லா: நான்தான். ஏழாம் டேபிளு, ஏழாம் நம்பரு. பாட்டில்ல செடி வளக்கற இந்த லேபு தொறந்த நாள்லேந்து நான்தான்.

வசுமதி: இந்த வாரம் உன் நம்பர்ல நூறு பாட்டில்ல எத்தன கெட்டுப் போச்சு தெரியுமா?

பிரிசில்லா: ஒரு... பத்து?

வசுமதி: பதினெட்டு. போன வாரம் பதினாறு. அதுக்கு முந்துன வாரம் பதினஞ்சு.

பிரிசில்லா: ஏறிகினே போவுது. தங்கம் வெல மாதிரி.

வசுமதி: பிரிசில்லா...

பிரிசில்லா: சரி, சரி. சிரிக்கல.

வசுமதி: எட்டு வருசத்துல உனக்கு ரெண்டுக்கு மேல போனதே கெடையாது. வெளிய இருந்து ஆள் வந்தா உன் டேபிளத்தான் மொதல்ல காட்டுவேன். பிளேடால குருத்த நறுக்கி ஜெல்லில நடுததுக்கு, இந்த ஜில்லாவுல இப்படி ஒரு கை இல்லைன்னு சொல்லுவேன்.

பிரிசில்லா: அப்டியா சொல்வீங்க? என்கிட்ட ஒரு தபா கூட சொன்னதில்லியே.

வசுமதி: சொன்னா நீ மார்க்கர் பேனாவ காதுல சொருகிட்டு அலைவ.

பிரிசில்லா: அது வாஸ்தவம்.

வசுமதி: ரூல் தெரியும்லா? மூணு வாரம் தொடர்ந்து பத்துக்கு மேல போனா வாஷிங். நாலு மணிக்கு சார் வாராரு. மாமல்லபுரத்துல ரிசார்ட்ல எஸ்டேட்காரங்களோட சாப்பிட்டுட்டு இருக்காரு. அவங்களயும் கூட்டிட்டு வாராராம். அதுக்கு முன்னாடி ஷீட்ல யார் பேரு இருக்கணுமோ அத எழுதி வைக்கச் சொல்லிருக்காரு.

பிரிசில்லா: எழுதுங்க. பிரிசில்லா. தப்பில்லாம எழுதுங்க, நடுவுல ஒரு ல் வரும்.

வசுமதி: உனக்கு பயமே இல்லையா?

பிரிசில்லா: பாட்டில் கழுவறதுக்கு இன்னா பயம்? வூட்ல கழுவாத குண்டானா?

வசுமதி: ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பாட்டில். ஒரு கிரேட்டு பதினஞ்சு கிலோ. பாட்டில அவிக்குத அந்தப் பெரிய குக்கர் ஆவி மூஞ்சில அடிக்கும். உனக்கு முட்டி வேற வலி.

பிரிசில்லா: முட்டி என் முட்டி. அது நான் சொன்னத கேக்கும்.

வசுமதி: சரி. அந்த பாட்டில வெளிச்சத்துல புடி. ரேக் லைட்டுக்குக் கீழ.

பிரிசில்லா: புடிச்சேன்.

வசுமதி: குருத்து எப்படி நட்ருக்கு?

பிரிசில்லா: ...நல்லாத்தான் நட்டு கீது.

வசுமதி: ஆறு குருத்து, ரெண்டு வரிசையா இருக்கு. எல்லாமே வலது பக்கம் சாஞ்சிருக்கு. இப்ப இதப் பாரு. இது போன கார்த்திகையில நீ வச்சது. சுத்தி அஞ்சு, நடுவுல ஒண்ணு, அத்தனையும் நிமிந்து நிக்கி.

பிரிசில்லா: எங்க வச்சிருந்தீங்க இத்த?

வசுமதி: என் டேபிள்ல. பாக்க அழகா இருக்குன்னு எடுத்து வச்சேன்.

பிரிசில்லா: இத்தனை நாளா எங்கிட்ட சொல்லவேயில்ல பாருங்க...

வசுமதி: பேச்ச மாத்தாத. ஒவ்வொருத்தி கைக்கும் ஒரு நடவு உண்டு. நம்பர் இல்லாட்டியும் இருவது பேர்ல யாரு வச்சதுன்னு நான் சொல்லிருவேன். இந்த வாரம் கெட்டுப் போன பதினெட்ட மேசை மேல பரப்பி வச்சிப் பாத்தேன். நாலு உன் கை. மிச்சம் பதினாலு உன் கை இல்ல.

பிரிசில்லா: வயசாவுது மேடம். கை கொஞ்சம் சாயும்.

வசுமதி: வலது பக்கமா? எடது கைக்காரி நட்டாத்தான் அப்படி சாயும். இங்க எடது கைக்காரி ஒருத்திதான் இருக்கா. பன்னெண்டாம் டேபிள்.

பிரிசில்லா: ஏசி ரொம்ப ஜில்லுன்னு கீது மேடம். கொஞ்சம் கொறைங்களேன்.

வசுமதி: ஏலக்காய்க்கு வச்சது. உனக்கு வச்சது இல்ல.

பிரிசில்லா: அதுவும் சரிதான். லட்சம் செடி போட்டாச்சி, கிறிஸ்மஸ் பாயாசத்துக்கு நாலு காயி வாங்க கடையில நின்னு யோசிக்கறேன். செடிக்கு ஏசி, நமக்கு செங்கல்பட்டு வெயிலு.

வசுமதி: பிரிசில்லா, மார்க்கர்ல எழுதுனத ஸ்பிரிட் பஞ்சு வச்சித் தொடச்சா போயிரும். எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். காலையில எட்டரைக்கு இந்த ரூம் சாவி யார்ட்ட இருக்கும்?

பிரிசில்லா: ...என்கிட்டதான்.

வசுமதி: பன்னெண்டுல பூஞ்ச புடிச்சத எடுத்து, அழிச்சிட்டு ஏழுன்னு எழுதுத. எண்ணிக்க இடிக்கக் கூடாதுன்னு உன்னோட சுத்தமான பாட்டில்ல பன்னெண்டுன்னு எழுதுத. சரியா?

பிரிசில்லா: எல்லாம் தெரிஞ்சி வச்சிகினு எதுக்கு மேடம் கருவாட்டுலேந்து ஆரம்பிச்சீங்க?

வசுமதி: கருவாட்ட நீதான ஆரம்பிச்ச!

பிரிசில்லா: ஆமாம்ல.

வசுமதி: ஜெனிஃபருக்குத் தெரியுமா?

பிரிசில்லா: அய்யோ, இல்ல மேடம். சத்தியமா தெரியாது. அது பாவம், தன் நம்பரு சுத்தமா கீதுன்னு சந்தோசமா சுத்திகினு கீது. என்னைப் பாத்து பரிதாபப்படுது. நேத்து எனக்கு ஆரஞ்சு பழம் வாங்கியாந்து குடுத்துச்சி.

வசுமதி: வேலைக்கு வந்து ஆறு மாசம் கூட ஆகல. அவளுக்காக நீ எதுக்கு உன் பேரக் கெடுத்துக்கிடணும்? சொந்தமா?

பிரிசில்லா: சொந்தமெல்லாம் இல்ல. ஒரே சர்ச்சு.

வசுமதி: அது காரணம் ஆகாது. சொல்லு. கதவு சாத்தித்தான் இருக்கு.

பிரிசில்லா: அது முழுகாம கீது மேடம். மூணு மாசம்.

வசுமதி: ...ஜெனிஃபரா?

பிரிசில்லா: ஆங். போன வருசம் ஒண்ணு அஞ்சாம் மாசத்துல போய்டுச்சி. அப்ப ஒரு குடோன்ல மூட்ட தூக்கிகினு இருந்துது. இந்த தபா ஒக்காந்து செய்யற வேலைன்னுதான் அவ வூட்டுக்காரன் ஜெரோம் இங்க அனுப்பிச்சான். தெனம் பைக்ல கொணாந்து எறக்கி வுட்டுட்டு, கேட்டுல நின்னு அவ உள்ள போறவரைக்கும் பாத்துட்டுத்தான் போறான்.

வசுமதி: எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?

பிரிசில்லா: எப்டி சொல்றது? மாசமா இருக்கறவள சாரு இன்னா பண்ணுவாரு? வூட்ல ரெஸ்ட் எடும்மான்னு சிரிச்சிகினே சொல்வாரு. திரும்பி வந்தா எடம் இருக்காது. முன்ன இங்க வேல செஞ்ச பாப்பாவுக்கு அப்டித்தான ஆச்சி?

வசுமதி: ...ஆமா.

பிரிசில்லா: சொல்லலன்னா வாஷிங்கு. பதினஞ்சு கிலோ கிரேட்டு. நீங்களே சொன்னீங்க.

வசுமதி: ஸ்பிரிட் வாடைக்கு அவளுக்கு கொமட்டுதோ? மாஸ்க்க எறக்குதாளோ? அதான் பூஞ்ச விழுதோ?

பிரிசில்லா: எறக்காது மேடம். கொமட்டுனா எழுந்து வெளிய ஓடிப் போய்டும். எதிர் டேபிள்ல ஒக்காந்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா? பிளேட நெருப்புல காட்டறது, கையத் தொடைக்கறது... எல்லாம் ஒழுங்கா செய்யும். அது கைல கொற இல்ல.

வசுமதி: கைல கொற இல்லாம பூஞ்ச எங்க இருந்து வரும்?

பிரிசில்லா: நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. டேபிள பாத்தீங்களா மேடம்? காத்து வடிகட்டி வுடற ஃபில்டர?

வசுமதி: பன்னெண்டுக்கு தை மாசமே ஃபில்டர் மாத்தியாச்சு. ரிஜிஸ்டர்ல இருக்கு.

பிரிசில்லா: ஆமாமா, டேபிள் மேல ஸ்டிக்கரே ஒட்டி கீது. தேதி போட்டு, உங்க கையெழுத்து.

வசுமதி: அப்புறம் என்ன?

பிரிசில்லா: ஒண்ணுமில்ல. கேட்டேன்.

வசுமதி: இங்க பாரு... பதினாலு பாட்டில் அவ கைன்னு தெரிஞ்ச பொறவு உன் பேர நான் எழுத முடியாது. அது அநியாயம்.

பிரிசில்லா: அப்ப அவ பேர எழுதுவீங்களா?

வசுமதி: நான் என்ன செய்ய? ஷீட்ல ஒரு பேரு வந்தாகணும்.

பிரிசில்லா: என் பேருதான் ரெடியா கீதே. நம்பரே போட்டு குடுத்துட்டேன். நீங்க கண்ணத் தொறக்காம எழுதிக்கலாம்.

வசுமதி: கண்ண தொறந்தாச்சே...

ஜெனிஃபர்: மேடம்... உள்ள வரலாங்களா?

வசுமதி: செருப்ப கழட்டிட்டு வா ஜெனிஃபர்.

ஜெனிஃபர்: கழட்டிட்டேன் மேடம். அக்கா, சாப்ட வரலியா? தக்காளி சாதம் வச்சிகினு எவ்ளோ நேரம் ஒக்காந்துருக்கறது? பசிக்குது எனக்கு.

பிரிசில்லா: நீ துன்னுட வேண்டிதான? எனக்காக எதுக்கு நிக்கிற?

ஜெனிஃபர்: தனியா துன்னா எறங்கல. மேடம்... ஒண்ணு சொல்லலாங்களா?

வசுமதி: சொல்லு.

ஜெனிஃபர்: அக்காவ வாஷிங்குக்கு அனுப்பப் போறீங்கன்னு சாராளும் வைஷாலியும் வெளிய பேசிகினு கீறாங்க.

பிரிசில்லா: ஏய், நீ போ. பெரியவங்க பேசிகினு கீறோம்.

ஜெனிஃபர்: இரு அக்கா. மேடம், அக்காவுக்கு முட்டி வலி. டேபிள்லேந்து எழுந்திருக்கறப்பவே செவுத்த புடிச்சிகினுதான் எழுந்துக்கும். கிரேட்டெல்லாம் தூக்க முடியாது.

வசுமதி: அதுக்கு?

ஜெனிஃபர்: நான் போறேன் மேடம்.

வசுமதி: எங்க?

ஜெனிஃபர்: வாஷிங்குக்கு. அக்காவுக்கு பதிலா. என் நம்பரு நல்லாத்தான் கீது, ஆனா பரவால்ல. நான் சின்னவதான, அப்பால திரும்பி வந்துக்கறேன். அக்கா இந்த டேபிள்லயே இருக்கட்டும்.

பிரிசில்லா: வாய மூட்றி. லூசா நீ?

ஜெனிஃபர்: எதுக்கு திட்றே? உனக்காகத்தான பேசறேன்.

வசுமதி: ஜெனிஃபர்... பதினஞ்சு கிலோ. உன்னால தூக்க முடியுமா?

ஜெனிஃபர்: ...தூக்குவேன் மேடம்.

வசுமதி: நெசமாவே?

ஜெனிஃபர்: ஒரு... ஒரு ஆறு மாசம் கழிச்சின்னா இன்னும் நல்லா தூக்குவேன். ஆனா இப்பவும் தூக்குவேன்.

வசுமதி: போயி சாப்பிடும்மா. அக்கா இப்ப வருவா.

ஜெனிஃபர்: எழுதிட மாட்டீங்களே?

வசுமதி: போ. சாதம் ஆறிரப் போகுது.

ஜெனிஃபர்: அது எப்பவோ ஆறிப் போச்சி மேடம். சீக்கிரம் வாக்கா.

பிரிசில்லா: வரேன், போ... கதவ சாத்து. மேடம்? இன்னா மேடம் இது... கண்ணாடிய கழட்டுங்க, ஆவி புடிச்சிகிச்சி.

வசுமதி: ஆவி இல்ல. விடு.

பிரிசில்லா: அது சின்னப் பொண்ணு. வாய் நீளம். மனசுல வச்சிக்காதீங்க.

வசுமதி: ஃபில்டர் மாத்தல பிரிசில்லா. தை மாசம் ஆடிட்டுக்கு ஆள் வந்தாங்க. சாமான் வரல. பத்து நாள்ல வந்துரும், கையெழுத்துப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டும்மான்னு சார் சொன்னாரு. ஒட்டிட்டேன். பத்து நாளு போச்சு. ஒரு மாசம் போச்சு. நான் கேட்டேன்... ரெண்டு தடவ கேட்டேன். பொறவு கேக்கதையும் விட்டுட்டேன்.

பிரிசில்லா: மூணாவது தபா கேட்டிருக்கலாம்.

வசுமதி: கேட்டிருக்கணும். அப்ப பன்னெண்டாம் டேபிள்ல ஆள் இல்ல, சும்மாத்தான் கெடந்துச்சு. பொறவு அந்தப் பொண்ணு வந்து ஒக்காந்துட்டா... இப்ப சொன்னா, இன்சார்ஜே பொய்க் கையெழுத்துப் போட்டான்னு ஆகும். அதான் வாய மூடிட்டு இருந்தேன்.

பிரிசில்லா: டேபிள்தான் காரணம்னு எப்ப தெரியும் உங்களுக்கு?

வசுமதி: உன் நம்பர் கெட்டுப் போனதும் மொதல்ல உன் டேபிளச் சந்தேகப்பட்டேன். போன ஞாயித்துக்கெழம ஒரு ஆள் கூட இல்லாதப்ப வந்து, வெறும் ஜெல்லி ஊத்துன தட்டு ஏழுல ஒண்ணும் பன்னெண்டுல ஒண்ணும் தொறந்து வச்சேன். அர மணி நேரம். ஏழாம் தட்டு இன்னைக்கு வரைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கு. பன்னெண்டுல பதினோரு புள்ளி பூத்துட்டு.

பிரிசில்லா: ஆளே இல்லாத டேபிள்ல.

வசுமதி: ஆளே இல்லாத டேபிள்ல.

பிரிசில்லா: அப்பறமும் என்ன கூப்ட்டு கேட்டீங்களே மேடம்...

வசுமதி: நீ வாயத் தொறந்து ஜெனிஃபர்தான்னு சொல்லிட்டன்னா, அவ பேர எழுதிரலாம்னு பாத்தேன். என் வாயால சொல்ல வேண்டாம்லா. அதுக்குத்தான் கூப்ட்டேன். வெக்கமா இருக்கு. அவ வந்து நின்னுக்கிட்டு, நான் போறேன்னு சொல்லுதா. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு. எனக்கு இந்த எடத்துலயே பூமி பொளந்தா தேவலைன்னு இருந்துச்சு.

பிரிசில்லா: பூமி பொளந்தா ரேக்கெல்லாம் வுழுந்துடும் மேடம். ஆறாயிரம் பாட்டிலு.

வசுமதி: ...சிரிக்க வைக்காத என்னய.

பிரிசில்லா: இந்தாங்க, கண்ணத் தொடைங்க. ஸ்பிரிட் பஞ்சு இல்ல, கர்ச்சீப்புதான்.

வசுமதி: மணி என்ன?

பிரிசில்லா: ரெண்டே கால்.

வசுமதி: அந்த ஷீட்ட எடு. பேனாவும்.

பிரிசில்லா: இன்னா எழுதப் போறீங்க?

வசுமதி: நீயே வாசி.

பிரிசில்லா: பன்னெண்டாம் டேபிள்... ஃபில்டர் மாத்தப்படவில்லை. தை மாசம் போட்ட கையெழுத்து தவறு. இன்று முதல் டேபிள் மூடப்படுகிறது... மேடம், எஸ்டேட்காரங்க வரப்பவா இத்த நீட்டுவீங்க?

வசுமதி: அவங்க முன்னாடிதான். அப்பத்தான் சார் சிரிச்சிக்கிட்டே சொல்ல முடியாது.

பிரிசில்லா: உங்கள வேலையிலேந்து எடுத்துட்டார்னா?

வசுமதி: எடுத்தா எடுக்கட்டும். திருநவேலிக்கு ரயிலு இங்க ஸ்டேஷன்லயே நிக்கும். நீ அந்த ஸ்டிக்கர கிழிச்சிட்டு, ஜெனிஃபர ஏழுல ஒக்கார வையி. நீ எட்டுல ஒக்காரு. எட்டு காலியாத்தான் கெடக்கு, நல்ல டேபிள்தான், நேத்து பாத்துட்டேன்.

பிரிசில்லா: எனக்கு ஏழு போச்சா?

வசுமதி: நம்பர் உனக்குத்தான். எடம் மட்டும் அவளுக்கு.

பிரிசில்லா: அது போதும். நான் சாப்ட போறேன் மேடம். நீங்களும் வாங்க. தக்காளி சாதம் ஆறிக் கெடக்குது.

வசுமதி: இரு. ஒண்ணு மட்டும் புரியல. பதினாலு பாட்டில் அவ கை. சரி. பூஞ்ச புடிச்ச மிச்சம் நாலு உன் கைதான். சுத்தி அஞ்சு, நடுவுல ஒண்ணு. உன் டேபிள்ல ஒரு புள்ளி கூட இல்ல. அந்த நாலு எப்படி கெட்டுப் போச்சு?

பிரிசில்லா: அது நான் அவ டேபிள்ல ஒக்காந்து வச்சது மேடம். போன வாரம் அவ வாந்தி எடுக்கப் போனப்ப, பொண்ணா டேபிளான்னு பாக்கறதுக்கு பத்து பாட்டில் வச்சேன். அப்பதான் பாத்தேன், ஃபில்டர் பெட்டி ஸ்க்ரூ மேல போன வருசம் அடிச்ச பெயின்ட்டு கூட ஒடயல, பெட்டிய தொறக்கவே இல்ல. நேரா உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா உங்க கையெழுத்து பொய்னு நான் சொன்னதா ஆவும். பன்னெண்டுன்னே வுட்டிருந்தா பொண்ண மாத்திட்டு வேலைய பாத்திருப்பீங்க. மொத ரெண்டு வாரம் அவளுக்காக அழிச்சி எழுதினேன்... இந்த வாரம் ஏழுன்னு எழுதினது உங்களுக்காக மேடம். என் நம்பர்னாதான நீங்க பாட்டில கையில எடுத்துப் பாப்பீங்க.